அப்பாவின் சி.ஜி. 125: பெற்றோல் ரப் ஒழுகுகிறது, ரிசேவ் ஓடவில்லை, பாதி வழியில் நிற்கிறது

கேள்வி: முள்ளியவளையில் இருந்து ஒட்டுசுட்டானுக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். ஓட்டுவது அப்பா 1988 இல் வாங்கிய ஹோண்டா சி.ஜி. 125. 2006 இல் சண்டை மீண்டும் தொடங்கிய காலத்தில் வவுனியாவில் மாமா வீட்டில் விட்டிருந்தபடியால் தப்பிய வண்டி. 2010 வரை அங்கே கொட்டிலில் சும்மா நின்றது. இப்போது மூன்று தொல்லைகள். இரவு நிறுத்தினால் காலையில் கீழே பெற்றோல் ஈரம், வீடெல்லாம் மணம். கால் மணி நேரம் ஓடியதும் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது, சற்று ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. தாங்கியின் அடியில் உள்ள பெற்றோல் ரப்பை (திறந்து பூட்டும் திருகை) ரிசேவுக்குத் திருப்பினாலோ உடனே நின்றுவிடுகிறது. பழைய கறுப்புக் குழாய் வெடித்ததால் கண்ணாடி போன்ற குழாய் ஒன்று வாங்கிப் போட்டேன். நான்கு மாதத்தில் அது குச்சியாக விறைத்துவிட்டது. ஒருவர் ரப்பில் சவர்க்காரம் அப்பச் சொல்கிறார், இன்னொருவர் புதுக் காபரேற்றர் (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்) போடச் சொல்கிறார். அப்பா, "ரப்பைப் பூட்டிவிட்டுப் படு" என்கிறார். பூட்டினாலும் ஒழுகுகிறது. எதை முதலில் செய்வது?

பதில்: அன்புள்ள தங்கச்சிக்கு,

காபரேற்றர் வாங்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் உள்ள எதுவும் இதுவரை அதைக் குற்றம் சாட்டவில்லை. எங்கள் தொழிலில் எந்தப் பழுதுக்கும் முதலில் பிடிபடுவது காபரேற்றர்தான். அதிக விலைக்குப் போகிற சாமான் அது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்று இரவே செய்ய வேண்டியவை இரண்டு. வண்டியை வீட்டை விட்டு எடுத்து, குசினிக்குத் தூரமாக முற்றத்தில் நிறுத்துங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. மேலே போய்க் கலையாது, நிலத்தோடு தவழ்ந்து அடுப்படிக்கு வரும். மணம் இருக்கும் இடத்தில் குப்பி விளக்கோ நுளம்புத்திரியோ கொளுத்தக் கூடாது. அடுத்து, எஞ்சின் ஒயில் பார்க்கும் குச்சியை எடுத்து மணந்து பாருங்கள். ரப்பைப் பூட்டியும் ஒழுகுகிறது என்றால், இரவு முழுவதும் பெற்றோல் காபரேற்றருக்குப் போய்க்கொண்டிருக்கலாம். அங்கே மட்டம் நிறைந்ததும் வழியை அடைக்கும் மிதவையின் ஊசி அதை முழுதாகத் தடுக்காவிட்டால் வழிந்து நிலத்துக்குப் போகும், சில வேளை எஞ்சினுக்குள்ளும் இறங்கும். ஒயில் ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்தால், அல்லது குச்சியில் பெற்றோல் மணந்தால், ஸ்டார்ட் செய்யாமல் ஒயிலை மாற்றிவிடுங்கள். ஏறக்குறைய ஒரு லீற்றர்தான் பிடிக்கும். சி.ஜி. எஞ்சினைப் பராமரிப்புக் குறைந்த நாடுகளையும் தூசி வீதிகளையும் மனதில் வைத்தே ஹோண்டா செய்தது. வால்வுகளை அசைக்க உள்ளே கேம் சங்கிலி கிடையாது, தள்ளுதண்டுகள்தான். எவ்வளவோ கொடுமையைத் தாங்கும். ஆனால் பெற்றோல் கலந்து தண்ணீராகிப்போன ஒயிலை எந்த எஞ்சினும் தாங்காது.

இனி வேலைக்கு வருவோம். நீங்கள் முல்லைத்தீவுப் பிள்ளை, வயல் தெரிந்தவர். பெற்றோல் தாங்கியைக் குளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரப்தான் துருசு (மதகு), குழாய் வாய்க்கால், காபரேற்றர் வயல். வயலுக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை என்றால் யாரும் வயலைக் கொத்திப் பார்ப்பதில்லை. குளக்கட்டில் ஏறி, துருசைப் பார்த்து, வாய்க்கால் வழியே நடந்து வருவார்கள். அந்த ஒழுங்கிலேயே பார்ப்போம். நடுவில் தாவினால் இரண்டு பழுதுகளை ஒன்றாக நினைத்து ஏமாறுவீர்கள்.

முதலில் தாங்கியின் மூடி. கால் மணி நேரம் ஓடி நிற்பதும் ஆறவிட்டால் ஓடுவதும் பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும். டின் பாலில் ஒரு துளை மட்டும் போட்டுக் கவிழ்த்துப் பாருங்கள், பால் இரண்டு சொட்டு விட்டு நின்றுவிடும். காற்றுக்கு இரண்டாவது துளை வேண்டும். தாங்கிக்கு அந்த இரண்டாவது துளை மூடிக்குள் இருக்கிறது. மிகச் சிறியது. கிரவல் வீதித் தூசியும் மழையும் சேர்ந்து அதைச் சீமெந்து போல அடைத்துவிடும். ஒருமுறை ஒருவர் கொண்டுவந்த மூடிக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அவர் அதற்கு முன் இரண்டு பிளக்கும் ஒரு கொயிலும் மாற்றி முடித்திருந்தார்.

சோதனை எளிது. அடுத்த முறை வண்டி இழுவை குறைந்து நிற்கும்போது ஆறவிடாமல் உடனே மூடியைத் திறவுங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுபட்டு, மூடியைத் தளர்வாக வைத்ததும் வண்டி ஓடினால் பழுது மூடியில். இன்னொரு அடையாளமும் இருக்கிறது. தாங்கி நிறைய இருக்கும்போது விரைவாகவும், குறைவாக இருக்கும்போது தாமதமாகவும் நின்றால் அதுவும் மூடிதான். நிறைந்த தாங்கிக்குள் காற்று குறைவாக இருப்பதால் வெற்றிடம் விரைவில் பிடிப்பதே காரணம். மூடியைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, மெல்லிய கம்பியால் துளையைத் திறந்து, சைக்கிள் பம்பால் ஊதுங்கள். துளையைப் பெரிதாக்க வேண்டாம். மாரியில் மழைத்தண்ணீர் அதே துளையால்தான் இறங்கும்.

மூடி சுத்தமாகியும் நின்றால், துருசுக்கு இறங்க வேண்டும். அங்கே கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அளந்து பாருங்கள். காபரேற்றர் பக்கத்தில் குழாயைக் கழற்றி, நுனியை அரை லீற்றர் போத்தலுக்குள் விட்டு, ரப்பைத் திறந்து ஒரு நிமிடம் பிடியுங்கள். எவ்வளவு வர வேண்டும்? கணக்குப் போடலாம். மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடும் வண்டி லீற்றருக்கு 45 கிலோமீற்றர் தருகிறது என்றால், ஒரு மணி நேரத்துக்கு ஒன்றேகால் லீற்றருக்குச் சற்றுக் கூடப் போகிறது. அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 22 மில்லிலீற்றர். முழுதாக முறுக்கினாலும் அதன் இரண்டு மடங்கு போதும். ஆகவே போத்தலில் நிமிடத்துக்கு 100 மில்லிலீற்றருக்கு மேல் சீராக விழுந்தால் ரப்பும் குழாயும் பட்டினி போடவில்லை என்று நம்பலாம். முதலில் நன்றாக வந்து போகப்போக மெலிந்தால், மூடியைத் திறந்து வைத்து மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் மெலிந்தால், ரப்பில் பெற்றோலை வடிகட்டும் வலையில் கறள் (துரு) ஏறியிருக்கிறது. ஓடும்போது கறள் வலையில் ஒட்டும், வண்டி நின்றதும் உதிர்ந்து கீழே படியும், மறுபடி ஓடும். மூடிப் பழுதும் வலைப் பழுதும் வீதியில் ஒரே முகம் காட்டுவதால்தான் அளக்கச் சொல்கிறேன். ரப்பை ஓனில் (வழக்கமாக ஓட்டும் நிலையில்) வைத்து ஒருமுறை, ரிசேவில் ஒருமுறை அளந்து இரண்டையும் எழுதி வையுங்கள். பிடித்த பெற்றோலை உடனே தாங்கிக்குள் ஊற்றிவிடுங்கள். தண்ணீர்ப் போத்தலில் பெற்றோலை வைத்துவிட்டு மறந்த வீடுகளில் பிள்ளைகள் குடித்த கதைகள் போதுமான அளவு இருக்கின்றன.

ரிசேவ் ஏன் உடனே நிற்கிறது என்பதற்கு ரப்பின் உள்ளமைப்பைச் சொல்ல வேண்டும். ரப்பில் இருந்து தாங்கிக்குள் ஒரு பித்தளைக் குழாய் நிமிர்ந்து நிற்கும். ஓனில் பெற்றோல் அந்தக் குழாயின் உச்சியால் இறங்குகிறது. மட்டம் உச்சிக்குக் கீழே போனதும் வண்டி திணறும். அப்போது ரிசேவுக்குத் திருப்பினால் அடியில் உள்ள வேறொரு துளையால் மிச்சம் இறங்கும். ரிசேவ் என்று தனித் தாங்கி எதுவும் இல்லை, அதே குளத்தின் அடித்தண்ணீர்தான். குளத்தின் அடியில் சேறு கிடப்பது போலத் தாங்கியின் அடியில் கறளும் தண்ணீரும் கிடக்கும். தண்ணீர் பெற்றோலைவிடப் பாரம். உங்கள் வண்டி வவுனியாவில் நான்கு மாரி சும்மா நின்றிருக்கிறது. தாங்கி நிறைய இல்லாவிட்டால் மிச்ச இடத்தில் இருந்தது ஈரக்காற்று. அது ஒவ்வொரு இரவும் வியர்த்து, தகரத்தைத் தின்று, அடியில் சேர்ந்திருக்கும். ஓனில் ஓடி ரிசேவில் நிற்கும் வண்டியைக் கண்டால் நான் பெரும்பாலும் தாங்கியைத்தான் கழற்றுவேன்.

இதற்கு நேர்மாறான பழுதும் உண்டு. சில வண்டிகள் ஓனிலேயே கடைசித் துளி வரை ஓடும், ரிசேவுக்குத் திருப்ப எதுவும் மிஞ்சாது. பித்தளைக் குழாய் அடியில் வெடித்திருக்கும், அல்லது முறிந்து தாங்கிக்குள் கிடக்கும். உங்களுடையது அதுவல்ல என்றாலும் ரப்பைக் கழற்றும்போது குழாயை விரலால் அசைத்துப் பாருங்கள்.

அப்பாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள். மண்ணெண்ணெய்க் காலத்தில் இந்த ரப்பின் வலையைக் கழற்றி எறிந்தாரா? 1990 களில் வன்னிக்குப் பெற்றோல் தடை. கிடைத்தால் கறுப்புச் சந்தையில் நகை விலை. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. சட்டைப்பையில் ஒரு சின்னப் போத்தல் பெற்றோல் இருக்கும். காபரேற்றருக்குச் சில துளி காட்டி உதைத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். பின்னால் வருபவருக்கு வெள்ளைப் புகை. அந்தச் சில துளிக்காக நான் ஆஸ்பத்திரிச் சேலைன் குழாயை, அதன் சின்ன உருளைப் பூட்டோடு, ரப்புக்கும் காபரேற்றருக்கும் நடுவே பொருத்திக் கொடுத்திருக்கிறேன். நல்ல வேலை என்று அப்போது பெருமைப்பட்டேன். பல கைகள் மாறி வந்த மண்ணெண்ணெயில் என்னென்ன அழுக்கு இருந்தது என்று கேட்க வேண்டாம். வலை வாரத்துக்கு ஒருமுறை அடைக்கும். பொறுமை இழந்து வலையையே பிடுங்கி எறிந்தவர்கள் ஏராளம். அந்தக் கால வண்டிகளை இன்றும் திறந்தால் தாங்கியின் அடியில் கருப்பட்டிப் பாகு போல ஒரு படை ஒட்டியிருக்கிறது, ரப்பில் வலை இல்லை. வலை இல்லாத வண்டிக்கு எத்தனை காபரேற்றர் மாற்றினாலும் இரண்டு மாதத்தில் அதன் ஜெட், பெற்றோல் போகும் நுண்துளை, அடைக்கும்.

ரப்பைப் பூட்டிவிட்டுப் படு என்று அப்பா சொல்வதும் அந்தக் காலப் புத்திதான். அன்றைக்கு இரவில் ஒழுகுகிற ஒவ்வொரு சொட்டும் காசு. சொல்வது சரியும்கூட. பூட்டியும் ஒழுகுவதற்கு அவர் பொறுப்பல்ல, ரப்புக்குள் இருக்கும் நான்கு துளை ரப்பர் பொறுப்பு. ஆண்டுக்கணக்கில் ஒரே நிலையில் திறந்து கிடந்த ரப்பர் அந்த நிலைக்கே பழகி அமுங்கிவிடும். திடீரென்று திருப்பினால் முகம் பொருந்தாது. பூட்டிய பிறகு ஒழுக்கு கூடியது என்று பலர் சொல்வதன் காரணம் இதுதான்.

இப்போது ஒழுகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பெற்றோல் மேலே கசிந்து கீழே சொட்டும். சொட்டும் இடத்தைப் பார்த்து முடிவு செய்தால் தவறு. ரப்பையும் குழாயையும் காபரேற்றரையும் துணியால் துடைத்து உலரவிட்டு, முகப்பவுடரைத் தூவிவிடுங்கள். பத்து நிமிடத்தில் பவுடரில் ஈரக்கோடு விழும். அந்தக் கோட்டின் உச்சி எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் பழுது. தாங்கியும் ரப்பும் சேரும் இடம், கைப்பிடியின் முகத்தகடு, அடியில் அழுக்குத் தங்கும் சின்னக் கிண்ணம், குழாய் ஏறும் மூக்கு என்று நான்கு இடங்களில் ஒன்றாகத்தான் இருக்கும். ரப் முழுதும் உலர்ந்து, காபரேற்றரில் மிஞ்சிய பெற்றோல் வெளியேறும் வழிவுக் குழாய் மட்டும் சொட்டினால் ரப் உள்ளுக்குள் விடுகிறது, ஊசியும் பிடிக்கவில்லை. இரண்டு பழுது சேர்ந்தால்தான் அந்த ஈரம் வரும்.

கழற்றும் வேலையைப் பகலில் மரநிழலில் செய்யுங்கள். பற்றரி வயரை முதலில் எடுத்துவிடுங்கள். பெற்றோலை ரிசேவில் வைத்துக் குழாயாலேயே கானுக்குள் இறக்குங்கள். வரவில்லை என்று குழாயில் வாய் வைத்து உறிஞ்ச வேண்டாம். நாங்கள் எல்லாரும் அப்படிச் செய்தவர்கள்தான். ஒரு மிடறு நுரையீரலுக்குப் போனால் ஆஸ்பத்திரிதான். வராவிட்டால் தாங்கியைக் கழற்றி மூடிவாயால் கவிழ்த்து ஊற்றுங்கள்.

ரப் தாங்கியோடு எப்படிச் சேர்கிறது என்று பாருங்கள். இரண்டு போல்ட்டுகளால் என்றால் எளிது. அவற்றின் தலைக்குக் கீழுள்ள வாஷர்களையும் தொலைக்காமல் வையுங்கள், அவையும் ஒழுக்கைத் தடுப்பவைதான். ஒற்றைப் பெரிய நட்டால் என்றால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். பல பழைய ஹோண்டாக்களில் அந்த நட்டுக்கு இரட்டைப் புரி. மேல் பாதி ஒரு பக்கம் சுற்றும், கீழ் பாதி எதிர்ப் பக்கம். சுற்றும்போது தாங்கியையும் ரப்பையும் ஒரே நேரத்தில் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். திருப்பிப் பூட்டும்போது இரண்டு புரியையும் ஒன்றாகப் பிடிக்க வைக்க வேண்டும். ஒன்றை முதலில் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு மற்றதைத் தேடினால் இறுகாது, ஒழுகும். நட்டு அழிந்துவிட்டது என்று சொல்லி வந்த பாதிப் பேருக்கு நட்டு அழியவில்லை. வெள்ளைப் புரிநாடாவைச் சுற்றினாலும் பயன் இல்லை. அந்த இடத்தில் ஒழுக்கைத் தடுப்பது புரியல்ல, உள்ளே இருக்கும் வாஷர். நாடாவின் துணுக்குகள் நேரே ஜெட்டுக்குப் போய் உட்காரும்.

கைப்பிடித் தகட்டில் இரண்டு சின்ன நட்சத்திரத் தலை ஸ்குறூக்கள் இருக்கும். தலைக்கு இறுக்கமாகப் பொருந்தும் திருப்புளி மட்டும் வையுங்கள். வைத்து, அதன் பிடியில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்புங்கள். தட்டாமல் திருப்பினால் தலை உருண்டுவிடும். உள்ளே அலை வடிவ வாஷர், கைப்பிடி, நான்கு துளை ரப்பர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். எடுக்கும் முன் கைத்தொலைபேசியில் ஒரு படம். ரப்பரைத் தவறான பக்கம் திருப்பி வைத்தால் ரிசேவ் துளையே மறைந்துவிடும். உங்கள் வண்டியில் யாரும் முன்பு கை வைத்திருந்தால், ரிசேவ் நிற்பதற்குக் கறளுக்கு முன் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

புது ரப்பரை மட்டும் போட்டால் மூன்று மாதம் தாங்கும். ரப்பர் அழுந்தும் உலோக முகத்தில் கீறல் இருந்தால் அதையும் ஆற்ற வேண்டும். ஒரு கண்ணாடித் துண்டைத் தட்டையாக வைத்து, 600 அல்லது 800 இலக்க ஈர எமரித் தாளை விரித்து, இரண்டு துளி ஒயில் விட்டு, கைப்பிடியின் முகத்தை வட்டமாகத் தேயுங்கள். அழுத்த வேண்டாம். கீறல் மறைந்து முகம் முழுதும் ஒரே மங்கலாக வந்ததும் நிறுத்திக் கழுவுங்கள். அரை மணி நேர வேலை. சம்பளம் கேட்க முடியாத வேலை என்பதால் கராச்சில் யாரும் செய்து தர மாட்டார்கள், நீங்களே செய்வது நல்லது. பூட்டும்போது இரண்டு ஸ்குறூவையும் மாறி மாறி, கைப்பிடி வெண்ணெயில் திரும்புவது போலத் திரும்பும் அளவுக்கே இறுக்குங்கள். கூட இறுக்கினால் ரப்பர் பிதுங்கும்.

வாஷர் கிடைக்கவில்லை என்று சைக்கிள் ரியூப்பை வெட்டிப் போடும் பழக்கம் எங்கள் ஊரில் உண்டு. தண்ணீர்ப் பம்புக்கு அது சரி. பெற்றோலில் ரியூப் ரப்பர் ஊதிப் பெருத்து, பிறகு பசையாகும். பெற்றோலுக்கு நைட்ரைல் ரப்பர் வேண்டும். கடையில் பெயர் தெரியாவிட்டால் இப்படிச் சோதியுங்கள்: ஒரு துண்டை ஒரு நாள் பெற்றோலில் ஊறவிட்டு அதன் சகோதரத் துண்டோடு அருகில் வைத்துப் பாருங்கள். நன்றாகப் பெருத்தது நைட்ரைல் அல்ல. சிலிக்கன் பசையும் அப்படியே. ரப்பைச் சுற்றிப் பூசிய சிலிக்கன் நாளடைவில் இளகித் துணுக்குகளாகக் காபரேற்றருக்குப் போகும். சவர்க்காரம் சொன்னவரை மட்டும் நான் முழுதாகக் கைவிட மாட்டேன். சவர்க்காரம் பெற்றோலில் கரையாது. தாங்கியில் ஊசித்துளை விழுந்தால் பிசைந்து அப்பிவிட்டு வீடு வந்து சேரலாம், நானும் வந்திருக்கிறேன். ஆனால் திரும்பும் கைப்பிடியில் அது நிற்காது. கார்த்திகை மழைக்கும் நிற்காது. துளை விழுந்த தாங்கியை வெல்டிங் கடைக்குக் கொண்டு போக வேண்டி வந்தால், பெற்றோல் இல்லை, வெறுந்தாங்கி என்று நினைத்துக் கொடுத்துவிடாதீர்கள். வெறுந்தாங்கிக்குள் இருக்கும் ஆவிதான் வெடிப்பது.

தாங்கி கழன்றிருக்கும்போதே கறளையும் முடித்துவிடுங்கள். ரப் துளையைத் தக்கை வைத்து அடைத்து, வெள்ளை வினாகிரி ஊற்றி, சின்ன நட்டுகள் ஒரு கைப்பிடி எண்ணிப் போட்டு, ஒரு நாள் வைத்து இடையிடையே குலுக்குங்கள். எண்ணிப் போடச் சொல்வது, எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம் என்று தெரிய வேண்டும் என்பதற்காக. ஆற்றுமணல் போட வேண்டாம், மூலைகளில் தங்கி ஆண்டுக்கணக்கில் வரும். வினாகிரி நிறப்பூச்சில் வழிந்தால் உடனே கழுவுங்கள். பிறகு தண்ணீர், பிறகு அப்பச்சோடா கரைத்த தண்ணீர், மறுபடி தண்ணீர். அந்தக் கடைசித் தண்ணீருக்குப் பின் தாமதிக்கக் கூடாது. வன்னி வெயிலில் மூடிவாய் கீழே பார்க்கக் கவிழ்த்து உலரவைத்து, உடனே கொஞ்சம் பெற்றோலும் ஒரு மேசைக்கரண்டி ஒயிலும் விட்டுச் சுற்றிச் சுழற்றுங்கள். ஈரத்தோடு ஓர் இரவு விட்டால் மறுநாள் காலை செம்மஞ்சளாகப் புதுக்கறள் பூத்திருக்கும். மண்ணெண்ணெய்ப் பாகு ஒட்டியிருந்தால் வினாகிரி அதை அசைக்காது. முதலில் பெற்றோலோ தின்னரோ விட்டு ஊறவைத்து அதை எடுத்துவிட்டுத்தான் வினாகிரி.

குழாய்க்கு வருகிறேன். நீங்கள் வாங்கியது மேசன்மார் மட்டம் பிடிக்கும் கண்ணாடிக் குழாயின் இனம். அந்தப் பிளாஸ்டிக்கை இளக்கமாக வைத்திருக்கும் பொருளைப் பெற்றோல் கழுவிக் கொண்டு போய்விடும். அதனால்தான் மஞ்சளாகி, சுருங்கி, குச்சியாகியது. விறைத்த குழாய் கிளிப் இருந்தாலும் மூக்கில் இருந்து நழுவும். சூடான எஞ்சின்மேல் நழுவினால் என்ன என்று நான் எழுத வேண்டியதில்லை. இதை நாளைக்கே மாற்றுங்கள், மற்றதெல்லாம் வார இறுதிக்குப் போகலாம். பெற்றோலுக்கென்று விற்கும் கறுப்பு ரப்பர்க் குழாய், உள்ளே நூல் பின்னல் உள்ளது, வாங்குங்கள். மூக்கின் அளவுக்கு உள்விட்டம் பொருந்த வேண்டும். சின்ன ஹோண்டாக்களுக்குப் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரை மில்லிமீற்றர். கடைக்காரர் கால் அங்குலக் குழாயைத் தந்து கிளிப்பை இறுக்கச் சொல்வார். கால் அங்குலம் ஆறே கால் மில்லிமீற்றரையும் தாண்டும். இறுக்கினால் மடிப்பு விழும், மடிப்பால் ஒழுகும். சரியான குழாய் கொஞ்சம் அடம்பிடித்துத்தான் ஏறும், வெந்நீரில் நுனியை ஒரு நிமிடம் வைத்தால் இணங்கும். கம்பி வளையக் கிளிப்பே போதும், திருகும் கிளிப் மெல்லிய குழாயை அறுக்கும்.

நீளம் முக்கியம். வாய்க்கால் மேடேறினால் தண்ணீர் நிற்கும். குழாய் ரப்பில் இருந்து காபரேற்றருக்கு இறங்கிக்கொண்டே போக வேண்டும், நடுவில் கூன் விழக் கூடாது, சிலிண்டர் செட்டைகளைத் தொடக் கூடாது. மிச்சத் துண்டை வெட்ட மனமில்லாமல் வளைத்துக் கட்டியதால் நின்ற வண்டிகளை ஒரு கணக்கு வைத்திருந்தால் இந்தப் பக்கம் போதாது. நடுவில் வடிகட்டி போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். தாங்கி சுத்தம், ரப்பில் வலை இருக்கிறது, கிண்ணம் கழுவப்பட்டது என்றால் வேண்டாம். காகித வடிகட்டி பம்பு உள்ள கார்களுக்கானது, தானாக இறங்கும் பெற்றோலை அது தடுக்கும். கறள் இன்னும் வருகிறது என்றால் ஒரு மாதத்துக்குச் சின்ன வலை வடிகட்டி போடுங்கள். அதற்குள் பாதிதான் பெற்றோல் தெரிகிறது என்று பயப்பட வேண்டாம், அது வழக்கம். குழாயை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, வெடித்தாலும் வெடிக்காவிட்டாலும், மாற்றிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ரப்பைத் திறந்ததும் வழிவுக் குழாய் சொட்டினால் அப்போது காபரேற்றர். அப்போதும் புதியது வேண்டாம். மிதவைக் கிண்ணத்தைத் திருப்புளிப் பிடியால் இரண்டு தட்டுத் தட்டுங்கள், ஊசியில் சிக்கிய தூசு விலகும். மறுபடி மறுபடி வந்தால் ஊசியைக் கழற்றிக் கூம்பைப் பாருங்கள். அதில் நகத்துக்குத் தட்டுப்படும் வளையத் தடம் இருந்தால் ஊசியை மட்டும் மாற்றினால் போதும்.

ரப்பை மொத்தமாக மாற்றுவதானால் பழைய ரப்பையே கையோடு கடைக்குக் கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நட்டின் புரி, மூக்கின் திசை, பித்தளைக் குழாயின் உயரம் மூன்றும் ஒத்திருக்க வேண்டும். போலி ரப்புகளில் குழாய் குட்டையாக இருக்கும். ரிசேவ் இரண்டு கிலோமீற்றருக்கு மேல் வராது, அது உங்களுக்கு நடுவழியில்தான் தெரியவரும்.

அதனால் வேலை முடிந்ததும் ரிசேவை ஒருமுறை அளந்து வையுங்கள். பெற்றோல் செட்டுக்குக் கிட்டவாக, பகலில், கானில் ஒரு லீற்றரோடு, ஓனில் திணறும் வரை ஓட்டி, ரிசேவுக்குத் திருப்பி எத்தனை கிலோமீற்றர் போகிறது என்று பாருங்கள். அந்த எண்ணைத் தாங்கியின் அடியில் எழுதிவிடுங்கள். மாதம் ஒருமுறை சில கிலோமீற்றர் ரிசேவில் ஓட்டினால் அடியில் சேறு தங்காது, ரப்பரும் ஒரே நிலையில் அமுங்காது. இந்த அளவெடுப்பை ஒட்டுசுட்டானில் இருந்து திரும்பும் வழியில், யானை இறங்கும் நேரத்தில் மட்டும் செய்து பார்க்காதீர்கள்.